வரப்பில் நின்று படிக்கிற பக்கம்

2020 ஏப்ரலில் எங்கள் சித்தப்பாவின் போன் ஓயவே இல்லை. திருத்துறைப்பூண்டிக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். பாரம்பரிய நெல் விதை வைத்திருப்பவர். ஆறு ஏக்கரில் பதினான்கு ரகம் போடுவார். வீட்டுக்கு வேண்டியதை வைத்துக்கொண்டு மீதியை விதையாகக் கொடுப்பார். விதை வாங்குகிறவர்கள் வழக்கமாக நேரில்தான் வருவார்கள். திண்ணையில் உட்கார்ந்து மோர் குடித்து, நெல்லைக் கையில் அள்ளிப் பார்த்து, ஒன்றிரண்டைப் பல்லில் கடித்துப் பார்த்து, அப்புறம்தான் விலை பேசுவது. இல்லையென்றால் ஆதிரெங்கம் நெல் திருவிழாவில் பழக்கமானவர்களாக இருப்பார்கள். நெல் ஜெயராமன் 2006-இல் தொடங்கிய திருவிழா அது. இரண்டு கிலோ விதை வாங்கிப் போகிறவர் அடுத்த வருடம் நான்கு கிலோவாகத் திருப்பித் தர வேண்டும் என்பது அங்கே கணக்கு. ஜெயராமன் 2018 டிசம்பரில் போய்விட்டார். அவரோடு பழகிய பலரும் இன்றும் சித்தப்பாவுக்கு 'நெல் சொந்தம்'.

ஊரடங்கில் திண்ணைக்கு யாரும் வர முடியவில்லை. அத்தனை பேரும் போனில் வந்தார்கள். ஒரு நாளைக்கு முப்பது, நாற்பது அழைப்புகள். எல்லாவற்றிலும் அதே நான்கு கேள்விகள்: என்ன ரகம் இருக்கு, எத்தனை நாள் வயசு, என்ன விலை, எப்படி அனுப்புவீங்க. சாப்பாட்டுத் தட்டில் கை வைத்தால் போன் அடிக்கும்.

நான் சென்னையில் ஒரு நிறுவனத்தில் வெப்சைட் கட்டுகிற வேலையில் இருந்தேன். மார்ச்சில் ஒரு வளைகாப்புக்காக இரண்டு நாள் ஊருக்கு வந்தவன் அப்படியே மாட்டிக்கொண்டேன். ஒரு மத்தியானம் சித்தி சொன்னார்: "நீ இந்த வேலைதானே பாக்குற, இவருக்கு ஒண்ணு பண்ணிக் குடேன். இந்த மனுஷன் சூடா ஒரு வாய் சாப்பிட்டு ஒரு மாசம் ஆச்சு."

ஆடிப் பட்டத்துக்கு விதை கேட்டு வருகிறவர்களுக்கு அதற்கு முன்னாலேயே தகவல் போயாக வேண்டும். எனக்கு அது பெரிய விஷயமாகத் தெரியவில்லை. ஆயிரக்கணக்கான பொருள் விற்கிற கடைகளுக்கே கட்டியவன். பதினான்கு நெல் ரகம் எம்மாத்திரம்? இரண்டு ராத்திரி உட்கார்ந்தேன். மடிக்கணினித் திரையில் பார்த்தபோது எனக்கே கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போலிருந்தது. மேலே முழு அகலத்துக்கு மூன்று வயல் படங்கள், ஒன்று மாறி ஒன்று வழுக்கிக்கொண்டு வரும். அழகான ஒரு தமிழ் எழுத்துரு. மெல்லிய சாம்பல் நிறத்தில் வரிகள். ஓரத்தில் மூன்று கோடு போட்ட மெனு. கீழே 'எங்களைத் தொடர்புகொள்ள' என்று ஒரு படிவம். கைபேசியிலும் சரியாக வருகிறதா என்று உலாவியின் சன்னலை இழுத்துக் குறுக்கிப் பார்த்தேன். எல்லாம் ஒழுங்காக மடங்கி நின்றது. சித்தப்பாவுக்கு வாட்ஸ்அப்பில் இணைப்பை அனுப்பிவிட்டுத் தூங்கப் போனேன்.

காலையில் அவர் வயலிலிருந்து கூப்பிட்டார். "தம்பி, சுத்திக்கிட்டே இருக்குடா."

போனேன். வரப்பில் நின்றுகொண்டிருந்தார். ஒரு கையில் மண்வெட்டி, இன்னொரு கையில் போன். திரை வெள்ளையாக இருந்தது. அவர் அதை என்னிடம் நீட்டினார். இருவரும் நின்று பார்த்தோம். ஒரு வழியாகப் பக்கம் வந்தபோது முழுப் பக்கமும் ஒரு தபால்தலை அளவுக்குச் சுருங்கி உட்கார்ந்திருந்தது. எழுத்துகள் எறும்பு சாரை போல. அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் கண்ணை இடுக்கிப் பார்த்தார். வெயிலில் என் மெல்லிய சாம்பல் நிறம் சுத்தமாகக் காணாமல் போயிருந்தது.

"நல்லாத்தான் இருக்கு," என்றார். என்னைச் சங்கடப்படுத்த வேண்டாமே என்று சொன்னது அது. சித்தப்பா நல்லாத்தான் இருக்கு என்று சொன்னால் நன்றாக இல்லை என்று பொருள்.

எழுத்து சுருங்கியதற்குக் காரணம் சொல்ல எனக்கே வெட்கமாக இருக்கிறது. 2007-இல் ஐபோன் வந்தபோது உலகத்தில் இருந்த பக்கங்கள் பெரும்பாலும் மேசைக் கணினிக்குக் கட்டியவை. அவற்றை அந்தச் சின்னத் திரையில் எப்படிக் காட்டுவது? ஆப்பிள்காரர்கள் ஒரு தந்திரம் செய்தார்கள். போனின் உலாவி தன் திரை 980 பிக்சல் அகலம் என்று பொய் சொல்லிப் பக்கத்தை வாங்கி, அப்புறம் அதை மொத்தமாகச் சுருக்கிக் காட்டும். மற்ற உலாவிகளும் அதையே பின்பற்றின. பொய் சொல்லாதே, உன் உண்மையான அகலத்தையே வைத்துக்கொள் என்று சொல்ல, பக்கத்தின் தலையில் வியூபோர்ட் என்று ஒற்றை வரி எழுத வேண்டும். அலுவலகத்தில் அந்த வரி எப்போதும் தயாராகவே இருக்கும். யாரோ எப்போதோ எழுதிவைத்தது. இங்கே எல்லாவற்றையும் என் கையாலேயே எழுதுகிறேன் பேர்வழி என்று தொடங்கி, அதை விட்டுவிட்டேன். மேசைக் கணினி உலாவிகள் அந்த வரியைக் கண்டுகொள்வதே இல்லை. அதனால் சன்னலைக் குறுக்கிப் பார்த்தபோது எல்லாம் சரியாக இருப்பது போலவே தெரிந்தது. அன்றிலிருந்து சன்னலைக் குறுக்கிப் பார்ப்பதை நான் சோதனை என்று சொல்வதில்லை. மடிக்கணினியும் போனும் ஒரே வைஃபையில் இருந்தால், கணினியில் ஓடும் பக்கத்தைப் போனிலேயே திறந்து பார்த்துவிடலாம். அந்த ஐந்து நிமிடச் சோம்பல்தான் என்னை வரப்பில் கொண்டுபோய் நிறுத்தியது.

வரியைச் சேர்ப்பது ஒரு நிமிட வேலை. ஆனால் அந்தச் சுற்றல்?

எங்கள் வீட்டில் மொட்டை மாடியில், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் நின்றால் இரண்டு கோடு சிக்னல் வரும். கீழே இறங்கினால் ஒன்று. சென்னையில் இருந்தவரை இணையம் என்பது குழாயைத் திறந்தால் வருகிற தண்ணீர் மாதிரி. இங்கே அலுவலக வேலைக்கே மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு மாடிக்கு ஏறியவன், அந்த ஒரு மாதத்தில் மற்றவர்கள் கட்டிய பக்கங்களை எத்தனை திட்டியிருப்பேன்! அதே பாவத்தை நானே செய்திருந்தேன். உட்கார்ந்து கணக்குப் போட்டேன். மூன்று வயல் படங்களும் போனில் எடுத்தபடியே இருந்தன: ஒவ்வொன்றும் நாலாயிரம் பிக்சல் அகலம். அவற்றை வழுக்க வைக்க ஒரு ஜாவாஸ்கிரிப்ட் மூட்டை. எழுத்துரு தனி. எல்லாம் சேர்ந்து 6 எம்பி.

அப்போது எங்கள் ஊர்ப் பக்கம் எல்லாரும் போட்டது ஒரு நாளைக்கு 1.5 ஜிபி தருகிற ரீசார்ஜ். பகலில் பிள்ளைகள் வகுப்பு, வீடியோ என்று அதைத் தீர்த்துவிடுவார்கள். தீர்ந்த பிறகு இணையம் நிற்காது. வேகம் விநாடிக்கு 64 கிலோபிட்டாக இறங்கும். விவசாயி வயல் வேலை முடித்துப் போனைக் கையில் எடுக்கிற நேரம் அதுதான், சாயங்காலம் ஏழு மணிக்கு மேல். 64 கிலோபிட்டில் என் 6 எம்பி பக்கம் வந்து சேரப் பன்னிரண்டரை நிமிடம் ஆகும். பன்னிரண்டரை நிமிடத்தில் ஒருவர் சித்தப்பாவையே நான்கு முறை கூப்பிட்டுவிடலாம்.

பிரித்துப் போட ஆரம்பித்தேன். முதலில் போனது வழுக்கும் படங்கள். அதில் எனக்கு வருத்தம் இருந்தது, ஒளிப்பானேன். விடியற்காலைப் பனியில் எடுத்த நல்ல படங்கள். ஆனால் வயல் எப்படி இருக்கும் என்று விவசாயிக்குக் காட்ட வேண்டிய அவசியம் என்ன? அவர் நின்றுகொண்டிருப்பதே வயலில். அவருக்குத் தேவை நெல்லின் படம்: நிறம், நீளம், முனையில் மீசை உண்டா இல்லையா. எனவே ஒவ்வொரு ரகத்தையும் சித்தப்பாவின் உள்ளங்கையில் வைத்து எடுத்தேன். கை இருந்தால் அளவு தெரியும். அகலத்தை 480 பிக்சலாகக் குறைத்து, இறுக்கிச் சேமித்ததில் ஒரு படம் 20 கேபிக்குள் அடங்கியது. கீழே இறங்கிப் பார்க்கும்போது மட்டும் அந்தந்தப் படம் வரும்படி செய்தேன். அதற்கு இப்போது தனியாக ஒரு நிரல்கூட வேண்டாம், படத்தின் குறிச்சொல்லில் ஒரு சொல் சேர்த்தால் போதும். படத்தின் அகலம் உயரம் இரண்டையும் முன்கூட்டியே எழுதிவைப்பதும் முக்கியம். இல்லாவிட்டால் படம் வந்து விழும்போதெல்லாம் எழுத்து கீழே குதிக்கும். படித்துக்கொண்டிருந்த வரி விரலுக்கடியிலிருந்து ஓடிவிடும்.

அடுத்து எழுத்துரு. இதில் என் மனம் ஒப்பவில்லை. தமிழ் எழுத்து திரையில் தெரிவதே அதிசயமாக இருந்த காலத்தைச் சேர்ந்தவன் நான். 2010-இல் திருச்சியில் விடுதியில் இருந்தபோது என்னிடம் ஒரு நோக்கியா 2700 கிளாசிக். தமிழ் வலைப்பூக்களைத் திறந்தால் கட்டம் கட்டமாக வரும். ஓபெரா மினி உலாவியின் முகவரிப் பட்டியில் 'ஓபெரா', ஒரு முக்காற்புள்ளி, 'கான்ஃபிக்' என்று ஆங்கிலத்தில் அடித்தால் ஒரு ரகசியப் பக்கம் திறக்கும். அதில் சிக்கலான எழுத்துகளுக்கு பிட்மேப் எழுத்துருவைப் பயன்படுத்தவா என்று ஒரு கேள்வி இருக்கும். 'யெஸ்' என்று மாற்றிச் சேமித்தால் போதும். ஓபெராவின் வழங்கி, அதாவது சர்வர், தமிழ் எழுத்தைப் படமாக்கி அனுப்பும். இந்த வித்தை தெரிந்தவனுக்கு விடுதியில் தனி மரியாதை. பத்து அறைக்காவது நான் செய்துகொடுத்திருப்பேன், ஒரு டீக்கு ஒரு போன் என்ற விகிதத்தில். அப்படி வந்தவனுக்கு, அழகான எழுத்துருவைப் போட வசதி வந்த பிறகு அதை விட்டுக்கொடு என்றால் எப்படி இருக்கும்?

ஆனால் கணக்கு கணக்குதான். எழுத்துரு கோப்பு வந்து சேரும்வரை குரோம் உலாவி கிட்டத்தட்ட மூன்று விநாடி எழுத்தையே காட்டாமல் வைத்திருக்கும். மெதுவான இணைப்பில் அந்த மூன்று விநாடி முழுக்க வெற்றுப் பக்கம்தான். இன்றைய ஆண்ட்ராய்டு போன்களில் நோட்டோ தமிழ் எழுத்துரு ஏற்கெனவே இருக்கிறது, ஐபோனிலும் தமிழ் சங்கம் இருக்கிறது. போனிலேயே உள்ளதைப் பயன்படுத்து என்று சொல்லிவிட்டால் இறக்குவதற்கு ஒன்றுமே இல்லை. விட்டுக்கொடுத்தேன். பதிலுக்கு எழுத்தின் அளவை 18 பிக்சலாக்கி, வரிகளுக்கு நடுவே தாராளமாக இடம் விட்டேன். ஆங்கிலத்துக்குப் போதுமான வரி இடைவெளி தமிழுக்குப் போதாது. மேல் வரியில் 'மூ' இருந்து கீழ் வரியில் 'பீ' இருந்தால் கொம்பும் வாலும் முட்டிக்கொள்ளும். நிறம் கறுப்பு. எழுத்துக்கும் பின்னணிக்கும் ஒளி வேறுபாடு குறைந்தது 4.5 மடங்கு வேண்டும் என்று இணையத் தர விதிகள் சொல்கின்றன. என் சாம்பல் 3 மடங்கைக்கூடத் தொடவில்லை. சென்னையில் குளிரூட்டிய அறையில் அது நாசூக்கு. சித்திரை வெயிலில் அது வெறும் வெள்ளைத் தாள்.

தமிழ் எழுதினால் பக்கம் கனக்குமே என்று ஒரு நண்பன் போனில் கேட்டான். பாதி உண்மை. இணையப் பக்கங்கள் யூனிகோடைச் சேமிக்கிற யூடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறிக்கும் மூன்று பைட். 'நெல்' என்று நாம் இரண்டு எழுத்தாக எண்ணுவது கணினிக்கு நான்கு குறி: ந, ஒற்றைக்கொம்பு, ல, புள்ளி. ஆக 12 பைட். அதையே ஆங்கில எழுத்தில் எழுதினால் மூன்று பைட்டோடு போயிற்று. ஆனால் அந்த மூன்று பைட்டில் முதலாவது எப்போதும் ஒன்றே. இரண்டாவது இரண்டே வகைதான். திரும்பத் திரும்ப வருவதைச் சுருக்குவதுதான் வழங்கி செய்கிற ஜிஜிப் வேலை என்பதால், தமிழ்ப் பக்கம் நன்றாகவே சுருங்கும். பதினான்கு ரகத்தின் எழுத்தும் வடிவமைப்பும் சேர்ந்து 9 கேபிக்குள் வந்துவிட்டன.

இந்த 9 என்ற எண்ணில் எனக்கு ஒரு தனிச் சந்தோஷம். வழங்கி ஒரு பக்கத்தை அனுப்பும்போது மொத்தத்தையும் ஒரேயடியாகக் கொட்டாது. முதலில் பத்துப் பொட்டலம், ஏறக்குறைய 14 கேபி, அனுப்பிவிட்டுக் காத்திருக்கும். வந்து சேர்ந்தது என்று பதில் வந்த பிறகுதான் அடுத்த தடவை கூடுதலாக அனுப்பும். வாய்க்கால் தாங்குமா என்று பார்த்துப் பார்த்து மதகுப் பலகையைத் தூக்குகிற மாதிரி. 14 கேபிக்குள் இருக்கிற பக்கம் முதல் திறப்பிலேயே கடைமடைக்குப் போய்ச் சேர்ந்துவிடும். சித்தப்பாவுக்கு இதை இப்படித்தான் விளக்கினேன். "அப்ப நம்ம ஊருக்கு ஏத்த மாதிரி பண்ணியிருக்கேன்னு சொல்லு," என்றார். அந்த வருடம் ஜூன் 12 அன்று, எட்டு வருடத்துக்கு அப்புறம் முதல் தடவையாக, மேட்டூர் அணையை உரிய தேதியில் திறந்திருந்தார்கள். எங்கள் ஊர்க்காரர்களுக்கு வேறு எந்த உவமையும் அந்த மாதம் காதில் ஏறியிருக்காது.

இதுவரை சொன்னதெல்லாம் எளிது. தெரிந்தவர்கள் யாரும் ஒரு நாளில் சரிசெய்துவிடுவார்கள். என்னைத் தண்ணி குடிக்க வைத்தது அட்டவணைதான்.

சித்தப்பா தன் நோட்டில் பட்டியலாக எழுதி வைத்திருந்தார்: ரகம், வயது, பட்டம், ஏற்ற நிலம், அரிசி நிறம், கிலோ விலை, இருப்பு. ஏழு பத்தி. மடிக்கணினியில் அது லட்சணமாக உட்கார்ந்தது. சாதாரணப் போனில் பக்கத்தின் அகலம் 360 பிக்சல். ஏழால் வகுத்தால் பத்திக்கு ஐம்பது. 'மாப்பிள்ளைச் சம்பா' ஐம்பது பிக்சலில் எப்படி நிற்கும்? மாப் என்று ஒரு வரி, பிள் என்று ஒரு வரி. பார்க்கவே பாவமாக இருந்தது. அட்டவணையைப் பக்கவாட்டில் தள்ளிப் பார்க்கும்படி செய்தேன். வலப்பக்கம் இன்னும் இருக்கிறது என்பதே யாருக்கும் தெரியவில்லை, சித்தி மூன்றாவது பத்தியோடு நிறுத்திக்கொண்டு "விலை போடலியா?" என்றார். சில பத்திகளை மறைக்கலாம் என்றால், எதை? ஒவ்வொன்றாக மறைத்துக் காட்டக் காட்ட, சித்தப்பா "அது இல்லாம எப்படிடா" என்றார்.

மூன்றாம் நாள் காலையில் திண்ணையில் உட்கார்ந்து இதையே யோசித்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் அவர் போனில் பேசிக்கொண்டிருந்தார். அதுவரை அந்தப் பேச்சு எனக்கு வெறும் இரைச்சல். அன்றைக்குத்தான் காது கொடுத்தேன்.

"சொல்லுங்க... எந்த ஊரு?... நெலம் பள்ளமா, மேடா?... தண்ணி எத்தனை நாள் நிக்கும்?... சரி, அப்ப நீங்க காட்டுயானம் போடுங்க. ஆறு மாசம் ஆகும். தண்ணி நின்னாலும் அது பாத்துக்கும்... வேணாம்? சீக்கிரம் அறுக்கணும்னா பூங்கார் இருக்கு. நேரடி விதைப்பா, நடவா?... ஒத்தை நாத்துன்னா ஏக்கருக்கு மூணு கிலோ போதும், அதுக்கு மேல வாங்காதீங்க."

ஒருவரிடமும் அவர் பதினான்கு ரகத்தையும் ஒப்பிக்கவில்லை. இரண்டு கேள்வி கேட்டார், இரண்டு பெயர் சொன்னார். அடுத்த அழைப்பிலும் அப்படியே. ஒருத்தர் கறுப்புக் கவுனி என்று பெயர் சொல்லியே கேட்டார். அவருக்கு நேராக விலையும் இருப்பும். நான் இத்தனை நாளும் அவருடைய நோட்டைப் பக்கமாக்கப் பார்த்திருந்தேன். நோட்டு அவருக்காக எழுதியது. வருகிறவர்களுக்கு அவர் நோட்டை நீட்டியதே இல்லை.

அட்டவணையைத் தூக்கிப் போட்டேன். பக்கத்தின் தலையில் மூன்று பொத்தான்கள்: 'மூன்றரை மாதத்துக்குள்', 'நான்கு முதல் ஐந்து மாதம்', 'ஐந்து மாதத்துக்கு மேல்'. தொட்டால் அதே பக்கத்தில் அந்த இடத்துக்கு இறங்கும். வேறு பக்கம் திறக்காது, சுற்றாது. முதலாவதில் அறுபதாம் குறுவையும் பூங்காரும், நடுவில் சீரகச் சம்பாவும் கறுப்புக் கவுனியும், கடைசியில் மாப்பிள்ளைச் சம்பாவும் காட்டுயானமும் என்று ரகங்கள் தானாகவே இடம் பிடித்துக்கொண்டன. ஒவ்வொரு ரகத்துக்கும் ஒரு சீட்டு. பெயர், நாள், பள்ளமா மேடா, ஒரு வரி சித்தப்பாவின் வாய்ப்பேச்சு, விலை, இருக்கிறதா இல்லையா. பெயரை ஆங்கில எழுத்திலும் சின்னதாக எழுதினேன். தேடுகிறவர்களில் பாதிப் பேர் தமிழை ஆங்கில எழுத்தில்தான் அடிக்கிறார்கள், அதிலும் கவுனிக்கு 'க' ஒலியை இரண்டு விதமாக எழுதுவார்கள். இரண்டையும் போட்டேன்.

மூன்று கோடு மெனுவையும் எடுத்துவிட்டேன். பக்கத்து வீட்டு அக்காவிடம் காட்டி, இதைத் தொட்டுப் பாருங்கள் என்றபோது "எதை?" என்றார். அவருக்கு அது அழகுக்குப் போட்ட கோடு. அவரிடம் இருந்தது ஜியோபோன், 2017-இல் வந்த அந்தப் பொத்தான் போன். திரை 240 பிக்சல் அகலம், தொடுதிரை கிடையாது. பொத்தானை அழுத்தி ஒரு சின்ன அம்பை நகர்த்தித்தான் எதையும் தொட வேண்டும். என் முதல் வடிவம் அதில் திறக்கவே இல்லை. புதியது திறந்தது. நான் அதற்கென்று ஒன்றும் செய்யவில்லை. கெட்டுப்போகிற சாமான்களை எடுத்ததால் திறந்தது. பொத்தான்களைப் பெரிதாக வைத்திருந்ததும் அந்த அம்புக்கு வசதியாகப் போயிற்று. கூகுள் 48 பிக்சல் உயரம் வை என்று சொல்கிறது, ஆப்பிள் 44 என்கிறது. நான் 56 வைத்தேன். ஈரக் கையில், சேறு பட்ட கட்டைவிரலில் தொடுகிறவர்களுக்கு அந்த 48 போதவில்லை என்பதைச் சித்தப்பா இரண்டு முறை தவறான ரகத்தைத் தொட்டுக் காட்டிவிட்டார்.

தொடர்புப் படிவத்தை நிரப்பி ஒருவர்கூட அனுப்பவில்லை. உண்மையில் ஒருவர் அனுப்பினார், நான்தான், சோதனைக்கு. அதைத் தூக்கிவிட்டு, தொட்டால் நேராகப் போன் போகிற ஒரு பொத்தானும், வாட்ஸ்அப் திறக்கிற ஒரு பொத்தானும் வைத்தேன். வாட்ஸ்அப் பொத்தானில் 'பூங்கார் விதை வேண்டும், என் ஊர்:' என்று முன்கூட்டியே எழுதி வரும்படி செய்தது எனக்கு மிகவும் பிடித்த வேலை. அந்த வாசகத்தை இணைப்புக்குள் வைக்கும்போது தமிழ்க் குறி ஒவ்வொன்றும் ஒன்பது ஆங்கிலக் குறியாக மாறுகிறது. 'நெல்' 36 குறி. இணைப்பைப் பார்த்தால் யாரோ தட்டச்சுப் பொறி மேல் விழுந்தது போல இருக்கும், ஆனால் வேலை செய்யும். செய்யாமலும் போனது: முதல் மூன்று நாள் எண்ணுக்கு முன்னால் 91 போட மறந்திருந்தேன். போட்ட பிறகும், எழுதிவைத்த வாசகத்தை அழித்துவிட்டுக் குரல் பதிவு அனுப்புகிறவர்கள்தான் அதிகம். "அண்ணே, வணக்கம்ணே, நான் ஒரத்தநாட்டுலேர்ந்து பேசுறேன்" என்று தொடங்கும். சித்தப்பாவுக்கும் அதுதான் பிடித்திருந்தது. மாட்டுக்கு வைக்கோல் போட்டுக்கொண்டே கேட்கலாம்.

ஜூன் கடைசி வாரத்தில் பக்கம் வெளியே போனது. பக்கத்தை வைக்கிற இடத்துக்குக் காசு இல்லை. நிரல்களைச் சேமித்து வைக்கிற கிட்ஹப் தளம் இலவசமாகத் தருகிறது. இணைய முகவரிப் பெயருக்கு மட்டும் வருடத்துக்குச் சில நூறு ரூபாய். அழைப்புகள் நின்றுவிடவில்லை, பாதியாகக் குறைந்தன. குறைந்தவையும் வேறு மாதிரி ஆயின. "பக்கத்துல பாத்தேன், மாப்பிள்ளைச் சம்பா பத்துக் கிலோ" என்று நேராக விஷயத்துக்கு வந்தார்கள்.

நான் எதிர்பார்க்காத ஒன்று நடந்தது. மக்கள் இணைப்பை அனுப்பவில்லை. பக்கத்தைப் படம்பிடித்து அனுப்பினார்கள். ஸ்கிரீன்ஷாட். ஒரு சீட்டு சரியாக ஒரு போன் திரைக்குள் அடங்கியதால் அது படம் பிடிக்கத் தோதாகிவிட்டது. விவசாயிகள் குழு ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு அது தாவித் தாவி, எங்கேயோ தருமபுரியிலிருந்து ஒருவர் என் சித்தப்பாவின் உள்ளங்கையை எனக்கே அனுப்பினார். நல்லதுதான். ஆனால் படத்தில் உள்ள விலையை நான் மாற்ற முடியாது. விதை தீர்ந்துவிட்டது என்று பக்கத்தில் போட்டாலும், படம் 'இருக்கிறது' என்றே சொல்லிக்கொண்டு ஊர் ஊராகத் திரிந்தது. அதனால் ஒவ்வொரு சீட்டிலும் விலைக்குப் பக்கத்திலேயே தேதியைச் சேர்த்தேன், 'ஜூலை 10 விலை' என்று. பக்கத்தின் அடியில் ஒரே இடத்தில் போட்டிருந்தால் படத்தில் அது வெட்டுப்பட்டுப் போகும்.

அடுத்த வருடம் ஆடியில் நான் ஊருக்குப் போயிருந்தபோது பட்டுக்கோட்டைப் பக்கமிருந்து ஒரு பெரியவர் வந்தார். பையிலிருந்து ஒரு தாளை எடுத்துத் திண்ணையில் விரித்தார். பேரன் போனில் எடுத்த படத்தை ஜெராக்ஸ் கடையில் கொடுத்து அச்செடுத்திருந்தார், பாலிதீன் உறை போட்டு. பூங்கார், போன வருட விலை, போன வருடத் தேதி. எழுத்து தாளில் இன்னும் பெரிதாக, படிக்க வசதியாக இருந்தது.

சித்தப்பா கண்ணாடியை இறக்கிக்கொண்டு முழுவதையும் படித்தார். அப்புறம் தாளை உறையிலிருந்து உருவி, சட்டைப் பையிலிருந்த பேனாவால் விலையை அடித்துப் புதிய விலையை எழுதினார். யோசித்து, தேதியையும் அடித்து எழுதினார். உறைக்குள் போட்டு அவர் கையில் கொடுத்துவிட்டு, "நெலம் பள்ளமா, மேடா?" என்று கேட்டார்.